பிழையை அளந்தவர்

நுழையும்முன்

குறி தவறும்போது நாம் எய்தவரின் கையைக் குறை கூறுவோம். இல்லையேல் கருவியைக் குறை கூறுவோம். இரண்டிலும் குறை காணாவிடில் விதியைக் குறை கூறுவோம். ஒரே குழலிலிருந்து, ஒரே அளவு வெடிமருந்தால், ஒரே திசையில் செலுத்தப்பட்ட இரு குண்டுகள் ஏன் ஒரே இடத்தில் விழுவதில்லை என்று ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கேட்டார். பிறர் தற்செயல் என்று ஒதுக்கியதை அவர் அளந்து பார்த்தார். அவர் பிறந்தது இங்கிலாந்தில். மறைந்தது தமிழகத்துக் கடற்கரையில். அவரது வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

குண்டு எல்லை வகுத்த ஊர்

கடலூருக்கு அருகே, கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் பகுதியில் தேவனாம்பட்டினம் என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்த கோட்டையை 1690ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அவ்விற்பனையில் ஒரு விந்தையான விதி இருந்தது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு சென்று விழும் தொலைவு வரையுள்ள நிலம் முழுவதும் கோட்டையைச் சேரும் என்பதே அவ்விதி. நாற்புறமும் பீரங்கிகள் வெடித்தன; குண்டுகள் விழுந்த இடங்களே எல்லைகளாயின. அவ்வெல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன. கடலூரில் 'குண்டு சாலை' என்னும் பெயர் அந்நிகழ்வை இன்றும் நினைவூட்டுகிறது.

புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்ற அக்கோட்டைக்கு, எல்லை வகுத்து அறுபது ஆண்டுகள் கழிந்தபின் ஓர் அறிஞர் வந்து சேர்ந்தார். நிலத்தைக் குண்டால் அளந்த ஊருக்கு, குண்டின் வேகத்தையே அளந்தவர் வந்தார். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். எறியப்படும் பொருள்களின் இயக்கத்தை ஆராயும் எறிபொருளியல் என்னும் துறையைச் செய்முறைச் சோதனையின்மேல் நிறுத்தியவர் அவரே.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்தின் பாத் நகரில் 1707ஆம் ஆண்டு ராபின்ஸ் பிறந்தார். குடும்பம் செல்வ வளம் அற்றது. பெற்றோர் குவேக்கர் என்னும் கிறித்தவ நெறியைப் பின்பற்றியவர்கள். போரையும் படைக்கலத்தையும் அறவே விலக்கியது அந்நெறி. அவ்வீட்டில் பிறந்த மகன் பின்னாளில் பீரங்கிகளைப் பற்றி நூல் எழுதினார் என்பது அவர் வாழ்வில் காணும் முதல் முரண்.

இளமையிலேயே அவரிடம் கணிதத் திறன் ஒளிர்ந்தது. அதனைக் கண்ட நண்பர்கள், அவர் எழுதிய தாள்களை இலண்டனில் வாழ்ந்த அறிஞர் ஹென்றி பெம்பர்ட்டனுக்கு அனுப்பினர். நியூட்டனின் பெருநூலுடைய மூன்றாம் பதிப்பைச் செப்பம் செய்தவர் அவர். பெம்பர்ட்டனின் ஊக்கத்தால் இலண்டன் சென்ற ராபின்ஸ், மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்துத் தம் வாழ்க்கையை நடத்தினார். 1727ஆம் ஆண்டு, இருபதாம் அகவையிலேயே, இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கற்பித்தலோடு அவர் நின்றுவிடவில்லை. பாலம், ஆலை, துறைமுகம், சதுப்பு நிலத்தை வடித்தல் முதலிய பொறியியற் பணிகளில் அவர் மனம் ஈடுபட்டது. நியூட்டனின் நுண்கணித முறையைத் தத்துவ அறிஞர் பெர்க்கிலி கடிந்து எழுதியபோது, 1735ஆம் ஆண்டு அம்முறைக்கு அரணாக நூலொன்று எழுதினார். அரசியலிலும் அவருக்கு நாட்டம் இருந்தது. தலைமையமைச்சர் வால்போலின் போக்கை எதிர்த்து அவர் சிறு நூல்கள் வெளியிட்டார்.

1741ஆம் ஆண்டு வூலிச் நகரில் அரச படைத்துறைப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அங்கு ஆசிரியப் பதவியை ராபின்ஸ் நாடினார். அது வேறொருவருக்குச் சென்றது. ஏமாற்றத்தில் அவர் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. தாம் திரட்டிய கருத்துகளை விரித்து, 1742ஆம் ஆண்டு 'பீரங்கியியலின் புதிய கொள்கைகள்' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். அளவில் சிறியதாயினும் அந்நூல் ஐரோப்பியப் படைத்துறைகளின் எண்ணத்தை மாற்றியது.

ஊசல் கூறிய விடை

ராபின்சுக்கு முன்பு, எறியப்பட்ட பொருள் பரவளைவுப் பாதையில் செல்லும் என்னும் கலிலியோவின் கண்டுபிடிப்பே அறிஞர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது. காற்றில்லாத வெற்றிடத்தில் அது முழு உண்மை. காற்று மிக நொய்யது. இரும்பும் ஈயமும் மிகக் கனமானவை. ஆகவே குண்டின் பாதையைக் காற்று பெரிதும் மாற்றாது எனப் பலர் கருதினர். இக்கருத்தைச் சோதிக்க வேண்டுமெனில் குண்டின் வேகத்தை அறிதல் வேண்டும். கண்ணுக்குப் புலப்படாமல் பாயும் குண்டின் வேகத்தை எவ்வாறு அளப்பது?

ராபின்ஸ் கண்ட வழி எளியது. கனத்த மரக்கட்டை ஒன்றை ஊசல்போலத் தொங்கவிட்டார். குண்டு அக்கட்டையில் பாய்ந்து பதிந்தவுடன் கட்டை பின்னோக்கி ஆடும். கட்டையோடு பிணைத்த நாடா எவ்வளவு இழுபட்டது என்பதைக் கொண்டு ஆட்டத்தின் அளவு தெரியும். குண்டின் எடையும் கட்டையின் எடையும் முன்பே தெரிந்தவை. எனவே, மோதலுக்கு முன்னும் பின்னும் உந்தம் மாறாது என்னும் விதியைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். பாய்ந்து வரும் வேகத்தை மெல்ல ஆடும் ஆட்டமாக மாற்றி அளந்தது அக்கருவி.

விடை அனைவரையும் வியக்கவைத்தது. முக்கால் அங்குல விட்டமுள்ள ஈயக் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 1,670 அடி வேகத்தில் சென்றது. அவ்வேகத்தில் காற்று தரும் தடை, குண்டின் எடையைப்போல் ஏறக்குறைய 120 மடங்கு எனக் கண்டார். காற்றில்லையேல் அத்தகைய குண்டு 17 மைல் தொலைவு சென்றிருக்கும். உண்மையில் அது அரை மைலைக்கூட எட்டுவதில்லை. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றுத்தடை திடீரெனப் பன்மடங்காகிறது என்பதையும் அவர் கண்டறிந்தார். ஒலியினும் விரைந்து செல்லும் வானூர்திகளை உருவாக்க முயன்ற பிற்காலத்தவர் எதிர்கொண்ட தடையும் இதுவே.

பக்கவாட்டில் விலகும் குண்டு

காற்று குண்டின் வேகத்தைக் குறைக்கிறது என்பது விளங்கிற்று. ஆயினும் மற்றொரு புதிர் எஞ்சியது. குழலை அசையாமல் இறுகப் பிணைத்துச் சுட்டாலும், ஒரு குண்டு வலப்புறம் விலகியது. அடுத்தது இடப்புறம் விலகியது. மேலும், அவை நேர்கோட்டில் விலகவில்லை. செல்லச் செல்ல விலகலும் வளைந்து பெருகியது. காற்றுத்தடை எதிர்த்திசையில் மட்டும் செயற்படுமெனில் குண்டு பக்கவாட்டில் வளைவதற்குக் காரணம் இல்லை.

குண்டு தற்சுழற்சி கொள்வதே காரணம் என்று ராபின்ஸ் தம் நூலிலேயே குறிப்பிட்டார். அக்காலத் துப்பாக்கிக் குழலின் உட்புறம் வழவழப்பானது. குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. எனவே அது குழலின் ஏதேனும் ஒரு பக்கத்தில் உராய்ந்து உருண்டு வெளியேறும். எப்பக்கத்தில் உராய்கிறது என்பது ஒவ்வொரு முறையும் வேறுபடும். சுழற்சியின் திசையும் அதற்கேற்ப வேறுபடும். சுழலும் குண்டின் ஒரு பக்கம் எதிர்வரும் காற்றை எதிர்த்துச் செல்கிறது. மறுபக்கம் காற்றோடு சேர்ந்து செல்கிறது. இரு பக்கமும் காற்றின் அழுத்தம் சமமாக இராது. சமமற்ற அவ்வழுத்தமே குண்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது.

ஆய்லரின் மறுப்பு

ராபின்சின் நூலை 1745ஆம் ஆண்டு செருமானிய மொழியில் பெயர்த்தவர், அக்காலக் கணித அறிஞர்களுள் தலைசிறந்தவரான ஆய்லர். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக்கின் ஆட்சியில் பெர்லினில் பணியாற்றிய அவர், மூலநூலினும் பன்மடங்கு பெரிதான விளக்கவுரையை அதனோடு சேர்த்தார். ராபின்சின் புகழ் ஐரோப்பா எங்கும் பரவியதற்கு அவ்வுரையே பெருங்காரணம். ஆனால் சுழற்சி பற்றிய கருத்தை ஆய்லர் ஏற்கவில்லை. குண்டு முழு உருண்டையாக வார்க்கப்படாமையே விலகலுக்குக் காரணம் என்றும், குறையற்ற உருண்டையானால் சுழன்றாலும் அது விலகாது என்றும் அவர் கருதினார்.

ஆய்லரின் சொல்லுக்கு அறிஞருலகில் இருந்த மதிப்பு பெரிது. ஒரே நூலின் வழியாகவே ராபின்சின் பெயர் உயர்ந்தது. அவருடைய நுட்பமான கண்டுபிடிப்போ ஐயத்திற்குரியதாயிற்று. சொல்லுக்குச் சொல் தொடுத்து இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. சோதனை ஒன்றே தீர்க்கக்கூடும்.

வளைந்த குழலும் மெல்லிய தாள்களும்

1746ஆம் ஆண்டு ராபின்ஸ் தம் சோதனைகளை அரச கழகத்தினருக்குக் காட்டினார். முதலில் ஒரு மரப்பந்தை இரட்டைக் கயிற்றில் தொங்கவிட்டார். கயிற்றை முறுக்கிப் பந்தை ஊசல்போல ஆடவிட்டபோது, முறுக்கு அவிழ அவிழப் பந்து சுழன்றது. நேராக ஆட வேண்டிய பந்து பக்கவாட்டில் விலகி ஆடியது. முறுக்கு மறுதிசையில் மாறிச் சுழன்றபோது விலகலும் மறுபுறம் மாறியது.

அடுத்த சோதனை மேலும் நுட்பமானது. துப்பாக்கிக் குழலின் வாய்ப்பகுதியைச் சிறிது இடப்புறமாக வளைத்தார். குண்டு செல்லும் வழியில் மெல்லிய தாள்களைத் திரைகளாக நிறுத்தினார். குண்டு துளைத்த இடங்கள் அதன் பாதையைக் காட்டும். இனி என்ன நிகழும் என்பதை எண்ணிப் பாருங்கள். குழல் இடப்புறம் வளைந்திருப்பதால் குண்டும் இடப்புறம் செல்ல வேண்டும் என்பதே எவரும் கூறும் விடை. ராபின்ஸ் வேறு விடை கூறினார். வளைவில் திரும்பும் குண்டு குழலின் வலப்பக்கச் சுவரில் அழுந்தி உருளும். அவ்வாறு உருள்வதால் அதன் முன்பக்கம் வலப்புறம் நோக்கிச் சுழலும். ஆகவே முதலில் இடப்புறம் சென்றாலும், பின்னர் அது வலப்புறம் வளைந்து திரும்பும் என்றார் அவர்.

அவர் கூறியவாறே நிகழ்ந்தது. முன்னிருந்த தாள்களில் துளைகள் இடப்புறம் காணப்பட்டன. தொலைவில் இருந்த சுவரில் குண்டு வலப்புறம் பதிந்தது. குண்டின் வடிவக்குறையே காரணமாயின் அது எத்திசையிலும் விலகியிருக்கலாம். முன்கூட்டியே கூறிய திசையில், குழலின் வளைவுக்கு எதிராக அது விலகியதற்குச் சுழற்சியைத் தவிர வேறு காரணம் கூற இயலவில்லை. 1746ஆம் ஆண்டு அரச கழகம் தன் உயரிய விருதான காப்ளி பதக்கத்தை ராபின்சுக்கு வழங்கியது.

நோயே மருந்தாதல்

காரணம் தெரிந்தபின் தீர்வும் தெரிந்தது. சுழற்சியே குண்டைத் திசைமாற்றுகிறது. ஆயினும் சுழற்சியை ஒழிக்க வேண்டுவதில்லை, அதனை ஒழுங்குபடுத்தினால் போதும் என்றார் ராபின்ஸ். குழலின் உட்புறத்தில் திருகாணிபோல் வளைந்து செல்லும் வரிகளை வெட்டும் வழக்கம் அவருக்கு நெடுங்காலம் முன்பே இருந்தது. வேட்டைக்காரர்கள் அத்தகைய துப்பாக்கிகளையே விரும்பினர். ஆனால் அவை ஏன் குறி தவறுவதில்லை என்பதை எவரும் தெளிவாக விளக்கவில்லை. வரிகளால் குண்டு வேகம் பெறுகிறது எனச் சிலரும், காற்றைத் திருகாணிபோல் துளைக்கிறது எனச் சிலரும் கூறினர்.

1747ஆம் ஆண்டு அரச கழகத்தில் படிக்கப்பட்ட கட்டுரையில் ராபின்ஸ் உண்மையை விளக்கினார். வரிக்குழலில் குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழல்கிறது. அதனால் அதன் எல்லாப் பக்கங்களும் எதிர்வரும் காற்றைச் சமமாகச் சந்திக்கின்றன. ஒரு பக்கம் தள்ளும் விசை அங்கு எழுவதில்லை. திசையற்ற சுழற்சி நோயாக இருந்தது. திசைபெற்ற சுழற்சி மருந்தானது. உருண்டைக் குண்டுக்கு மாற்றாக முட்டை வடிவக் குண்டைப் பயன்படுத்தலாம் என்றும், குழலின் பின்புறத்தில் குண்டு இடும் முறை சிறந்தது என்றும் அவர் பரிந்துரைத்தார். வரிக்குழலின் இயல்பை முதலில் உணர்ந்து தன் படைக்கு வழங்கும் நாடு பிற நாடுகளை விஞ்சும் என்றும் முன்னுரைத்தார். நூறாண்டு கழிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஐரோப்பியப் படைகள் வரிக்குழல் துப்பாக்கிகளையும் நீண்ட தோட்டாக்களையும் பெருமளவில் ஏற்றபோது அவர் சொல் மெய்யாயிற்று.

பம்பரமும் தோட்டாவும்

உருண்டைக் குண்டின் புதிர் தீர்ந்தது. நீண்ட தோட்டா வந்தபின் புதியதொரு விலகல் புலப்பட்டது. வலப்புறம் திருகிய வரிக்குழலிலிருந்து செல்லும் தோட்டா, காற்றே வீசாத நாளிலும், சிறிது வலப்புறமே சாய்ந்து சென்றது. இடப்புறம் திருகிய குழலாயின் அது இடப்புறம் சாய்ந்தது. இதுவே சுழற்சி விலகல் எனப்படுகிறது.

பம்பரம் ஆடிய எவரும் இதன் காரணத்தை எளிதில் உணரலாம். நில்லாமல் சாயும் இயல்புடைய பம்பரம், சுழலும்போது சாய்ந்து விழுவதில்லை. அதன் அச்சு, தள்ளும் திசையில் நகராமல் அதற்குச் செங்குத்தான திசையில் நகர்ந்து வட்டமிடுகிறது. தோட்டாவும் வினாடிக்கு 2,000க்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழலும் ஒரு பம்பரமே. புவியீர்ப்பால் அதன் பாதை கீழ்நோக்கி வளைகிறது. ஆனால் அதன் மூக்கு, முன்பு நோக்கிய திசையையே நோக்க முயல்கிறது. அதனால் காற்று மூக்கின் அடிப்புறத்தைத் தாக்கி மேலே தூக்க முற்படுகிறது. பம்பரத்தைப் போலவே தோட்டாவும் அத்தள்ளலுக்குச் செங்குத்தாகத் திரும்புகிறது. வலச்சுழற்சியாயின் மூக்கு வலப்புறம் மிகச் சிறிதளவு திரும்பிவிடுகிறது. திரும்பிய உடலின் இடப்பக்கத்தைக் காற்று தொடர்ந்து அழுத்த, தோட்டா வலப்புறம் நகர்கிறது.

அளவில் இது மிகச் சிறியது. 300 கெஜத் தொலைவில் ஒரு விரற்கடைக்கு மேல் இராது. ஆனால் தொலைவு கூடக்கூட விலகல் விரைந்து பெருகும். 1,000 கெஜத் தொலைவில், பொதுவாகப் பயன்படும் தோட்டா ஏறத்தாழ ஒரு சாண் விலகும். இங்கிலாந்தின் பிஸ்லித் திடலில் 1890 முதல் நடைபெறும் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் 1,000 கெஜ இலக்குகளும் உண்டு. அங்கு ஒரு சாண் விலகல் வெற்றியையே பறித்துவிடும். பக்கக் காற்று தோட்டாவைப் பல அடி தள்ளக்கூடியது. ஆகவே இச்சிறு விலகலைப் பழகாதவர் காற்றின் கணக்கில் சேர்த்துவிடுவர். காற்று நொடிக்கு நொடி மாறும். சுழற்சி விலகலோ மாறாதது. மாறாத பிழையைக் கணித்து நீக்கிவிட முடியும். தேர்ந்தவர்கள் இவ்விரண்டையும் தனித்தனியே அறிந்து, குறிகாட்டியை அதற்கேற்ப இடப்புறம் நகர்த்தி வைத்துக்கொள்கின்றனர்.

> தெரிந்து தெளிவோம்
>
> சுழலும் பொருளின் விலகல் இருவகை. சுழலச்சு, செல்லும் திசைக்குக் குறுக்காக இருப்பின் இருபக்கக் காற்றழுத்தம் வேறுபட்டுப் பொருள் விலகும். ராபின்ஸ் சோதித்துக் காட்டியது இவ்வகை. கால்பந்தை வளைத்து உதைப்பதும், மட்டைப்பந்தில் சுழற்பந்து காற்றிலேயே விலகுவதும் இதனால்தான். சுழலச்சு, செல்லும் திசையோடு பொருந்தியிருக்கும் நீண்ட தோட்டா விலகுவது பம்பர இயல்பால். முன்னதை அறிந்தமையே பின்னதைப் பிரித்தறிய வழிகாட்டியது.

கடல் கடந்த பயணம்

1749ஆம் ஆண்டு ராபின்சின் முன் இரு வாய்ப்புகள் இருந்தன. ஒன்று, பாரிசு சென்று வட அமெரிக்க எல்லைச் சிக்கலைப் பேசித் தீர்க்கும் குழுவில் பணியாற்றுவது. மற்றொன்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இந்தியா செல்வது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

அக்காலத்தில் சோழமண்டலக் கடற்கரையில் ஆங்கிலேயரும் பிரெஞ்சியரும் ஆதிக்கத்துக்காகப் போட்டியிட்டனர். 1746இல் சென்னையைப் பிரெஞ்சியர் கைப்பற்றினர். உடன்படிக்கையின்படி 1749இல் திருப்பியளித்தனர். இடைப்பட்ட காலத்தில் கம்பெனியின் தலைமையிடம் கடலூர்க் கோட்டைக்கு மாறியிருந்தது. பழுதுற்ற கோட்டைகளைப் புதுப்பிப்பதே ராபின்சுக்கு இடப்பட்ட பணி. குண்டு எவ்வளவு வேகத்தில் வரும், எவ்வளவு தொலைவு பாயும் என்பதைச் சோதித்து அறிந்த ஒருவரே, அதனைத் தாங்கும் மதிலை வடிவமைக்கவும் தக்கவர் எனக் கம்பெனி கருதியதில் வியப்பில்லை. நாடு பிடிக்கும் வணிகக் குழுவுக்கே அவரது அறிவு பயன்பட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது.

1749 டிசம்பரில் உதவியாளர்களுடன் கப்பலேறிய ராபின்ஸ், 1750 ஜூலையில் புனித டேவிட் கோட்டையை அடைந்தார். கருவிகளையும் உடன் கொணர்ந்திருந்தார். கடலூருக்கும் சென்னைக்கும் உரிய கோட்டைத் திட்டங்களை வரையத் தொடங்கினார். வந்த சில திங்களிலேயே காய்ச்சல் அவரைத் தாக்கியது. தேறினார், எனினும் உடல் பழைய நிலையை எய்தவில்லை. 1751ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், கம்பெனி இயக்குநர்களுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, கையில் எழுதுகோலுடனேயே அவர் உயிர் பிரிந்தது என்பர். அப்போது அவருக்கு அகவை 44. அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை.

அவருடன் வந்த இளைஞர் ஜான் கால் பின்னர் சென்னையின் தலைமைப் பொறியாளரானார். ராபின்ஸ் பணியாற்றிய கடலூர்க் கோட்டை 1758இல் பிரெஞ்சியரிடம் வீழ்ந்து இடிக்கப்பட்டது. அதன் சிதைவுகளே இன்று எஞ்சியுள்ளன.

காலம் வழங்கிய தீர்ப்பு

ராபின்சின் எழுத்துகளை நண்பர் ஜேம்ஸ் வில்சன் தொகுத்து 1761ஆம் ஆண்டு வெளியிட்டார். அவரது ஊசல் முறையைப் பின்வந்தோர் பீரங்கிகளுக்கும் விரித்துப் பயன்படுத்தினர். ஆனால் சுழற்சி பற்றிய அவரது கண்டுபிடிப்பு நெடுங்காலம் உரிய ஏற்பைப் பெறவில்லை. ஏறத்தாழ நூறாண்டு கழிந்து, 1852ஆம் ஆண்டு பெர்லின் நகர் அறிவியலறிஞர் ஹென்ரிக் குஸ்தாவ் மக்னஸ் அதே விளைவைச் சோதனையால் நிறுவினார். நீண்ட எறிபொருள்களின் விலகலையும் அவர் ஆராய்ந்தார். சுழலும் பொருளைப் பக்கவாட்டில் தள்ளும் விசைக்கு மக்னஸ் விளைவு என்னும் பெயரே நிலைத்துவிட்டது. மக்னசுக்கு முன்பே ராபின்ஸ் அதனைச் சோதித்துக் காட்டினார் என்பதை இன்று அறிவியல் வரலாறு ஏற்றுக்கொள்கிறது.

ஆய்லர் அறிவில் குறைந்தவர் அல்லர். அவர் கணக்கும் தவறிவிடவில்லை. கணக்கில் சேராத ஒன்று இயற்கையில் இருந்தது. ராபின்ஸ் அந்த ஒன்றைத் தாள் துளையில் கண்டார். தன் கருத்து தவறாக இருந்தால் உடனே வெளிப்படும் வகையில் சோதனையை அமைத்து, விளைவை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சுட்டார். அவரது நேர்மைக்கு அதுவே சான்று. பிழை என்பது வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய ஒன்றன்று. அது இன்னும் அறியப்படாத ஒரு விதியின் கையொப்பமாகவும் இருக்கலாம் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

கடலூரின் குண்டு சாலையில் நடப்போர், குண்டால் எல்லை வகுத்த பழங்கதையை அறிந்திருக்கலாம். அதே மண்ணில், குண்டு ஏன் எல்லை தவறுகிறது என்று கேட்டு விடை கண்ட ஒருவர் தம் இறுதி நாள்களைக் கழித்தார் என்பதும் நினைவில் நிறுத்தத் தக்கது.

கற்பவை கற்றபின்

1. சுழலும் பம்பரத்தை ஒரு விரலால் மெல்லத் தட்டி, அதன் அச்சு எத்திசையில் நகர்கிறது என உற்றுநோக்குக. நீங்கள் கண்டதைத் தோட்டாவின் விலகலோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. வளைந்த குழல் சோதனையில் குண்டு வலப்புறம் திரும்பாமல் இடப்புறமே சென்றிருந்தால் ராபின்சின் கருத்து என்னவாகியிருக்கும்? வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊரிலோ அண்டை ஊரிலோ வழங்கும் சாலை, தெரு, ஏரி ஆகியவற்றின் பெயர்களுள் வரலாற்று நிகழ்வை நினைவூட்டும் ஒன்றைத் தேர்ந்து, அதன் பின்னணியை அறிந்து கட்டுரை வரைக.

4. 'அறிவு ஆக்கத்துக்கும் அழிவுக்கும் பயன்படும்' என்னும் பொருளில், ராபின்சின் வாழ்வை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஐந்து மணித்துளி உரை நிகழ்த்துக.